எனக்கு எதிராக வாக்களிப்பேன் என்றவர்

அந்த வருடங்களில் என்னால் ஒரு கதிரையில் சேர்ந்தாற்போல் சிறிது நேரம் இருக்க முடியாது. தொழிற்சாலையில் அது எனக்கு நல்ல பெயரை வாங்கித் தந்தது. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் பின்னல் துணி செய்யும் ஓர் ஆலையில் வேலை. எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று பார்த்தபடி இயந்திரங்களுக்கு நடுவே நடப்பதுதான் என் பொறுப்பு. மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போன பிறகும் நான் நடந்துகொண்டிருப்பேன். மேற்பார்வையாளர் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்தார். வேலை முடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்தின் எல்லைவரை மிதிப்பேன். வயல்கள் தொடங்கும் இடத்தில் திரும்பி வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே போகாமல் மறுபடி மிதிப்பேன். போக ஓரிடமும் இருந்ததில்லை. இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவியும் கைக்குழந்தையும் இலங்கையில், பருத்தித்துறையில் இருந்தார்கள். எனக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்துவிட்டது. அப்படிக் கிடைத்தவனின் மனைவியும் பிள்ளைகளும் டென்மார்க்குக்கு வரலாம் என்று சட்டம் சொன்னது. விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. மறுத்திருந்தால் அதுவும் ஒரு பதில். மறுக்கவும் இல்லை. அங்கே இந்திய இராணுவம் எங்கள் வீட்டுத் தெருவுக்குள், அந்தச் சின்ன ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. யாராவது கொழும்புக்குப் போனால் அவர்கள் கையில் மனைவி கடிதம் எழுதிக் கொடுத்து விடுவாள். அது வந்து சேரும்போது அதில் இருந்த செய்தி பழையதாகியிருக்கும். குழந்தை தவழ்கிறாள் என்று படிக்கும் நாளில் அவள் நடந்துகொண்டிருப்பாள் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

ஹேர்னிங்கில் இருந்த எங்கள் ஆண்கள் பலருக்கும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அண்ணையின் அறையில் கூடிச் சமைப்போம். அவரும் என் ஆலையில்தான் வேலை செய்தார், சாயப் பகுதியில். கதவைத் திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"ஏதும் வந்ததோ?"

"இல்லை அண்ணை."

"வரேலாது எண்டு சொன்னாலும் பரவாயில்லையடா தம்பி. வேறை வழியைப் பாக்கலாம். இது சாகவும் விடாம பிழைக்கவும் விடாம வைச்சிருக்கிறாங்கள்."

நான் குடியிருந்தது ஒரு டேனிஷ் விதவையின் வீட்டுக் கீழ்த்தளத்தில். என் தாயின் வயதிருக்கும். இளமையில் அவரும் பின்னலாலையில் வேலை செய்தவர் என்பதால் என்மேல் ஒரு தொழில் பாசம் இருந்தது. ஆனாலும் அதிகம் பேசியதில்லை. படியில் கண்டால் காலநிலையைப் பற்றி இரண்டு சொல், அதோடு சரி. ஒருநாள் அவரே கீழே இறங்கி வந்து என் கதவைத் தட்டினார்.

"நீர் இங்கிலிஷ் நல்லாக் கதைப்பீர் என்ன?"

ஊரில் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சாட்சி தமிழில் சொன்னதை ஆங்கிலத்திலும், கேள்வி கேட்டவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழிலும் சொல்லிக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவன். அதைச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்தது.

விஷயம் இதுதான். அவருடைய பாட்டனாரும் இன்னொருவரும் அண்ணன் தம்பி. தம்பி அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய் அங்கே பண்ணைக்காரர் ஆனார். அந்தத் தம்பியின் பேரன் இப்போது அமெரிக்காவில் செனட்டர். புதியவர் அல்ல, தலை நரைத்து, அந்தச் சபையிலேயே மூத்தவர்களில் ஒருவராக ஆகிவிட்டவர். ஐரோப்பாவில் ஏதோ மாநாட்டுக்கு வருகிறவர், பாட்டனார் பிறந்த பண்ணையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு டேனிஷ் தெரியாது. தூதரகம் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தருவதாகச் சொல்ல, சொந்தக்காரர் வீட்டுக்குப் போக அரசாங்கச் சம்பளத்தில் ஓர் ஆள் எதற்கு என்று அவர் மறுத்துவிட்டாராம். அந்த ஒரு செய்தியிலேயே ஆள் எப்படிப்பட்டவர் என்று எனக்கு ஓரளவு விளங்கியது.

உள்ளுக்குள் எனக்கு இன்னொரு எண்ணமும் ஓடியது. அமெரிக்க செனட்டர் ஒரு தொலைபேசி எடுத்தால் கொப்பன்ஹேகனில் எந்தக் கதவுதான் திறக்காது? அண்ணையிடம் சொன்னபோது அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "விட்டிடாதை. என்ரை பேரையும் சேர்த்துச் சொல்லு."

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர் வந்தார். கோடை காலம். வாடகைக் கார் வாசலில் நின்றது. ஓட்டி வந்த இளைஞன் வெளியிலேயே தங்கிவிட்டான். செனட்டர் நல்ல உயரம், கூன் விழுந்த உயரம். காதுக்குள் கேட்கும் கருவி. கைகள் மட்டும் பண்ணைக்காரனுடையவை போல அகலமாக இருந்தன. வீட்டுக்கார அம்மாவை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன், வடக்கு என்றேன்.

"தெரியும்," என்றார். "உங்கள் நாட்டு விவகாரம் எங்கள் செனட் குழுவுக்கு முன்னால் வந்தது. அது இந்தியாவின் வாசல், நாம் அதற்குள் கால் வைக்கக்கூடாது என்று சொன்னவன் நான். இப்போதும் என் கருத்து அதுதான்."

என் முகத்துக்கு நேரே, கையைப் பிடித்தபடி சொன்னார். எங்கோ ஒரு நீளமான மேசையைச் சுற்றியிருந்தவர்கள் என் ஒழுங்கையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள். "என்ன சொல்லுறார்?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். சொன்னதைச் சொன்னபடி டேனிஷில் சொன்னேன். அவர் செனட்டரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கோப்பி ஊற்றப் போனார்.

மேசையில் நாங்கள் நான்கு பேர். நான்காமவர் வீட்டுக்கார அம்மாவின் அண்ணன் மகன். நகரசபை உறுப்பினர், உரத்துப் பேசுகிறவர். அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம் வரும், ஆனால் அரசியல் பேசும் அளவுக்கு வராது. தோட்டத்தில் போடும் மடக்குக் கதிரை போல ஒடுங்கிய ஒன்றில் எனக்கு இடம். இருந்தேன், எழும்பினேன், கிண்ணம் எடுத்துக் கொடுத்தேன், மறுபடி இருந்தேன். மொழிபெயர்க்கும்போது நின்றுகொண்டுதான் எனக்குப் பழக்கம் என்று சொல்லிவைத்தேன்.

முதலில் குடும்பக் கதைகள் போயின. பிறகு செனட்டர் வரியைத் தொட்டார். அவருக்கு அதில்தான் உயிர். அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும், அயலவன் செய்யக்கூடியதை அதிகாரி செய்யக்கூடாது, ஒருவன் உழைப்பை இன்னொருவனுக்கு எடுத்துக் கொடுக்கும் உரிமை யாருக்கும் எளிதில் வந்துவிடக்கூடாது. இதை அவர் பல்லாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கியிருந்தார். வீட்டுக்கார அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"என்ரை இடுப்பு எலும்பை மாத்தினவை. ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்து உதவின பிள்ளை, ஒண்டுக்கும் நான் காசு குடுக்கேல்லை. இதில என்ன பிழை எண்டு கேளும்."

கேட்டேன்.

"யாரோ கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவருக்குக் கொடுக்க விருப்பமில்லை என்றால்?"

"அவருக்கும் இடுப்பு இருக்குத்தானே?"

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் செனட்டர் கதிரை குலுங்கச் சிரித்தார். தன் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர்கூட இவ்வளவு சுருக்கமாகத் தன்னை மடக்கியதில்லை என்றார். மேசையில் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. இனி என் விஷயத்தை மெல்ல எடுக்கலாம் என்று நான் வாய் திறக்கப்போனேன். அதற்குள் நகரசபைக்காரர் முந்திக்கொண்டார்.

"இவை வந்த பிறகுதான் கஷ்டம்," என்றார். இவை என்றபோது என்னைப் பார்க்கவில்லை; கேக்கைப் பார்த்தார். "முதல்ல ஆம்பிளையள் வந்தவை. இப்ப எல்லாரும் பெண்சாதி பிள்ளையளைக் கேக்கினம். சட்டத்தில இடம் இருக்குத்தான். ஆனா அந்த விண்ணப்பங்களை அடியில போட்டு வைச்சிருக்கினம் எண்டு கேள்வி. நல்ல வேலை. களைச்சுப்போய்த் தாங்களே திரும்பிப் போவினம்."

அடியில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குள் சந்தேகமாகப் பேசிக்கொண்டதுண்டு. வெளியிலிருந்து ஒருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. கால் இரண்டும் கதவைப் பார்த்தன. செனட்டர் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற நாட்களில், கொலைகாரன் சொன்னதையும் நான் என் குரலில் 'நான்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். சொன்னேன். அடியில் போட்டு வைத்திருப்பதையும், நல்ல வேலை என்பதையும், களைத்துத் திரும்பிப் போவார்கள் என்பதையும் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கும் கருவியைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு முறை," என்றார். இன்னொரு முறை சொன்னேன்.

"அவரிடம் கேளுங்கள்: மனைவி வரலாம் என்று சட்டம் இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கு எண்டு சொன்னன்தானே," என்றார் நகரசபைக்காரர்.

"அப்படியானால் அந்தச் சட்டத்தை மாற்றுங்கள். பாராளுமன்றத்துக்குப் போய், எழுந்து நின்று, உங்கள் பெயரைச் சொல்லி, வாக்களித்து மாற்றுங்கள். நான் அப்படிப் பல சட்டங்களை மாற்றியிருக்கிறேன், பலவற்றில் தோற்றும் இருக்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் சட்டத்தை இறுக்கவே வாக்களிப்பேன்." அவர் என்னைப் பார்த்தார். "இதையும் சொல்லுங்கள். இதோ மொழிபெயர்க்கும் இந்த மனிதருக்கு எதிராக வாக்களிப்பேன். ஆனால் பகலில், எல்லோரும் பார்க்க வாக்களிப்பேன். சட்டத்தைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு மனிதர்களை அடியில் போட்டு வைப்பது ஆட்சி இல்லை. அது ஒளிப்பு."

இதையும் டேனிஷில் சொன்னேன். எனக்கு எதிராக வாக்களிப்பேன் என்பதை என் வாயாலேயே, அவருடைய 'நான்' ஆக நின்று சொன்னேன். நகரசபைக்காரரின் காதுகள் சிவந்தன. அவர் ஏதோ பகிடி சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா கோப்பிக் கேத்தலைக் கீழே வைத்தார். "உம்மடை பெண்சாதி வர ஏலாம இருக்கிறது இதாலையோ?"

"ஓம்."

"நான் நினைச்சன், அவவுக்குத்தான் வர விருப்பமில்லையாக்கும் எண்டு."

இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நானும் வாய் திறந்து சொல்லியிருக்கவில்லை.

பிறகு காரில் பண்ணைக்குப் போனோம். ஹேர்னிங்குக்கு மேற்கே, ஒரு காலத்தில் வெறும் புதர்வெளியாக இருந்த நிலம். இப்போது அங்கே வேறொருவர் பன்றி வளர்த்தார். செனட்டர் கொட்டிலைச் சுற்றி நடந்தார். நான் கூடவே நடந்தேன். நடக்கக் கிடைத்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது. பாட்டனார் முதலில் போனாராம். பாட்டி இந்தப் பண்ணையிலேயே தங்கியிருந்து பிறகுதான் போனாராம்.

"யார் தடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரும் தடுக்கவில்லை. கப்பல் கட்டணம் சேரவில்லை."

"அப்படியானால் எனக்கு எதிராக ஏன் வாக்களிப்பீர்கள்?"

அவர் நின்றார். "அன்று அங்கே ஆளில்லாத நிலம் இருந்தது" என்றவர், உடனே கையை அசைத்து அதைத் தானே தள்ளிவிட்டார். "இல்லை, ஆளில்லாமலும் இருக்கவில்லை. அதை விடுங்கள். யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்க முடியாத நாடு வேறு எதையும் தீர்மானிக்காது. அதுதான் என் நம்பிக்கை. உங்களுக்கு அது பிடிக்க வேண்டியதில்லை."

"பிடிக்கவில்லை," என்றேன். "என் ஊரில் நடப்பது உங்கள் விஷயம் இல்லை என்றீர்கள். அதனால்தான் நான் இங்கே வந்தேன். இங்கேயும் நான் உங்கள் விஷயம் இல்லை. நான் யாருடைய விஷயம்?"

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, கேட்கவே கூடாது என்று நினைத்ததை நான் கேட்டேன். கொப்பன்ஹேகனில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

"முடியும்," என்றார். "சொல்ல மாட்டேன். இன்னொரு நாட்டு அரசாங்கக் கந்தோருக்குள் கையை நுழைப்பது எனக்குச் சரியில்லை. என் நாட்டில் அதைச் செய்கிறவர்களைக் கண்டிக்கிறவன் நான்." பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில்: "உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. அதை உரத்துக் கேளுங்கள்."

கையைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று மாலை முழுக்கச் சைக்கிள் மிதித்தேன். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் பக்கம் பேசிய ஒரே ஆள், எனக்கு எதிரான ஆள். அண்ணையிடம் சொன்னபோது அவர், "உவன் என்ன மனுசனடா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் வீட்டுக்கார அம்மா சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் காலையில் நல்ல மேற்சட்டை போட்டுக்கொண்டு கீழே வந்து நின்றார். "வெளிக்கிடும். கொப்பன்ஹேகனுக்குப் போறம்." அந்தக் காலத்தில் பாலம் இல்லை, ரயிலே கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடக்கும். அவர் மேல்தட்டில் பாண் சாப்பிட்டார். நான் கப்பலின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு நடந்துகொண்டிருந்தேன்.

குடிவரவுக் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையானவள். கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்றாள். எனக்கு அந்த வசனம் மனப்பாடம். திரும்பி நடக்கப் போனேன். வீட்டுக்கார அம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"பிள்ளை, இவரின்ரை பெண்சாதி வரலாம் எண்டு சட்டம் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப ஓமோ, இல்லையோ?"

"அதை இப்ப சொல்ல ஏலாது."

"ஆர் சொல்லுவினம்?"

அந்தப் பெண் பேனையின் மூடியைத் திருகினாள். முகத்தில் ஒரு வெட்கம் தெரிந்தது. அது அவளுடைய வெட்கம் இல்லை, மேலே இருந்தவர்களுடையது என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கார அம்மா சுவரோரக் கதிரையில் போய் இருந்தார், மாற்றிய இடுப்போடு, மடியில் கைப்பையோடு. கந்தோர் பூட்டும்வரை எழும்பவில்லை. நான் இருக்கவில்லை. அவருக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தேன்.

அன்று பதில் கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஹேர்னிங்கில் ஒருவரையும் விடவில்லை. தேவாலயத்துப் பெண்கள், பழைய ஆலைத் தோழிகள், கடைக்காரர்கள், எல்லோரிடமும் சொன்னார். மக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு என் பெயரில் ஒன்று போனது. அண்ணையின் பெயரிலும் போனது. நாங்கள் மட்டும் இல்லை. நாடெங்கும் வழக்கறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், எங்களை அறியாத பலர் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுடைய தட்டல் அதில் எவ்வளவு, எனக்குத் தெரியாது. ஒருகட்டத்தில் நீதி அமைச்சர் மாறினார், அடியில் கிடந்த விண்ணப்பங்கள் அசையத் தொடங்கின. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

விமான நிலையத்தில் மகள் என்னைக் கண்டு தாயின் சேலைக்குள் ஒளிந்தாள். மனைவி மெலிந்திருந்தாள். பிறகு ஒருநாள் செனட்டர் கதையைச் சொன்னேன். வீட்டுக்கார அம்மா காட்டிய பத்திரிகைத் துண்டைப் பற்றியும் சொன்னேன். செனட்டர் அமெரிக்காவில் குடிவரவைத் தளர்த்தும் ஒரு சட்டமூலத்துக்கு எதிராகப் பேசி வாக்களித்திருந்தார். இவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"நல்ல மனுசன் எண்டு சொல்லுறியளோ, கெட்டவன் எண்டு சொல்லுறியளோ?"

"தெரியாது."

"நாங்கள் பங்கருக்குள்ள இருந்தம். நீங்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டு அவரோட நியாயம் கதைச்சிருக்கிறியள்."

அவள் சொன்னதில் பிழையில்லை.

பிறகு, விண்ணப்பங்களை அடியில் போடச் சொன்னது யார் என்று விசாரணை நடந்தது, வருடக்கணக்காக. பத்திரிகைகள் அதற்குத் 'தமிழ் வழக்கு' என்று பெயர் வைத்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களில் தமிழர் ஒருவரும் இல்லை. பெயர் மட்டும் எங்களுடையது. கடையில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் பத்திரிகையையும் பார்ப்பார், என் முகத்தையும் பார்ப்பார். விசாரணை அறிக்கை வெளிவந்த ஜனவரியில், பாராளுமன்றத்துக்கு உண்மை சொல்லவில்லை என்று அதில் கண்டதால் பிரதமர் பதவி விலகினார். ஆலையில் வானொலி அலறியது. மேற்பார்வையாளர் வந்து என் கையைக் குலுக்கினார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் பள்ளிக்கூடப் பையோடு வாசலிலேயே நின்றாள். வகுப்பில் ஒரு பிள்ளை, உங்கள் ஆட்கள்தான் அரசாங்கத்தை விழுத்தினார்கள் என்று சொல்லியிருக்கிறாள். மகள் டேனிஷில் கேட்டாள்:

"அப்பா, நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை," என்றேன்.

"அப்ப ஏன் எங்கடை பேர்?"

தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். சட்டம் என்றால் என்ன, பதில் சொல்லாமல் இருப்பது எப்படி ஒரு குற்றமாகும் என்று. அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு பசிக்கிறது என்றாள். மனைவி குசினிக்குள்ளிருந்து, "அவளைச் சாப்பிட விடுங்கோ, நீங்களும் வந்து இருங்கோ," என்று கூப்பிட்டாள். போய், பிட்டுக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, யன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டேன்.